தமிழ் எழுத்தமைப்பைக் கற்க ஒரு பத்தி போதும்

கேள்வி சுருக்கமாக இது: "விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டைப்போகிராஃபி பாடம் முழுவதும் ஆங்கில எழுத்துகளை வைத்தே நடக்கிறது. செரிஃப் (கோட்டு முனையில் சிறு குறுக்குக்கோடு உள்ள எழுத்து), சான்ஸ் செரிஃப் (அது இல்லாத எழுத்து), கெர்னிங் (இரண்டு எழுத்துகளுக்கு நடுவே விடும் இடைவெளி), லெடிங் (வரி இடைவெளி) எல்லாம் தேர்வுக்குப் படித்துவிட்டேன். தமிழில் ஒரு பக்கம் அமைத்துத் தரச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. அடிப்படையை எங்கிருந்து தொடங்குவது? எந்த எழுத்துரு, எந்த மென்பொருள்?"

ஒரே ஒரு பத்தியிலிருந்து தொடங்குங்கள். இருநூறு சொல் கொண்ட தமிழ்ப் பத்தி ஒன்று, ஒரே எழுத்துரு, ஒரே தடிமன், வெள்ளைத் தாளில் கறுப்பு மை. நிறம், படம், அலங்காரம் எதுவும் வேண்டாம். அந்தப் பத்தியைப் படிக்கிறவர் எழுத்தை மறந்து விஷயத்துக்குள் போகும்படி அமைக்கத் தெரிந்துவிட்டால், எழுத்தமைப்பின் அடிப்படையில் முக்கால் பங்கு கைக்கு வந்துவிட்டது என்று பொருள். லோகோவும் போஸ்டரும் பிறகு வரட்டும். பெரும்பாலான மாணவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். ஐந்தாறு எழுத்து உள்ள ஒரு பெயரை வைத்து மாதக்கணக்கில் விளையாடுகிறார்கள். நாற்பது பக்க ஆண்டறிக்கை கையில் வந்ததும் திகைத்துப்போகிறார்கள்.

தமிழில் தொடங்கச் சொல்வதற்கு மொழிப்பற்று மட்டும் காரணம் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு பத்தியை மென்பொருளில் ஒட்டினால், அதன் இயல்பான அமைப்பிலேயே அது ஓரளவு சரியாக நின்றுவிடும். வரி இடைவெளி, சொல் இடைவெளி, வரி உடைப்பு எல்லாவற்றையும் அந்த எழுத்தை மனத்தில் வைத்தே அமைத்திருக்கிறார்கள். அதனால் நீங்கள் எதையும் கவனிக்காமலே தப்பித்துவிடலாம். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு அளவையும் நீங்களே பார்த்து, நீங்களே முடிவு செய்ய வேண்டும். கற்பவருக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

முதலில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்ப்போம்: கொண்டிருக்கிறார்கள். நாளிதழின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கிடைக்கும் சொல். எண்ணினால் பத்து எழுத்து. கணினிக்குள்ளோ, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இதே சொல் 19 குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. ககரம் தனி, அதன் மேல் வரும் புள்ளி தனி, டகரம் தனி, அதன் மேல்விலங்கு, அதாவது இகரக் குறி, தனி. தாளில் பார்த்தால் கணக்கு மறுபடி மாறுகிறது. "கொ" என்ற ஓர் எழுத்து, கொம்பு, ககரம், துணைக்கால் என்று மூன்று துண்டுகளாக நிற்கிறது. "டி" ஒரே உருவமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. "றா" இரண்டு துண்டு. நான்கு புள்ளிகளும் இரண்டு மேல்விலங்குகளுமாக ஆறு இடங்களில் எழுத்தின் தலைக்கு மேல் ஏதோ ஒன்று எழும்பி நிற்கிறது.

ஆக எழுத்து வேறு, குறியீடு வேறு, கண்ணுக்குத் தெரியும் உருவம் வேறு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் முதல் பாடம். 1978-க்கு முன் அச்சான புத்தகம் ஒன்றில் இதே சொல்லைத் தேடிப் பாருங்கள். "றா" என்பது துணைக்கால் இல்லாமல், கீழே சுழிந்த ஒரே உருவமாக இருக்கும். பெரியார் 1935-இல் தம் குடி அரசு இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது; ணா, றா, னா வரிசைகளும் ணை, லை, ளை, னை ஆகியவையும் சேர்த்து 13 எழுத்துகளின் உருவம் மாறியது. எழுத்து அதேதான், உருவம் வேறு. பழைய உருவத்தோடு ஓர் எழுத்துருவை இன்று யாராவது வரைந்தாலும், உள்ளே இருக்கும் யூனிகோடு குறியீடு மாறாது.

இனி அளவு. 11 பாயிண்ட் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர். ஆனால் 11 பாயிண்ட் என்பது எழுத்தின் உயரம் இல்லை. ஈய எழுத்துக் காலத்தில் அந்த எழுத்தைத் தாங்கிய உலோகக் கட்டையின் உயரம். கட்டைக்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாகச் செதுக்கினார்கள் என்பது செதுக்கியவரின் முடிவு. கணினி எழுத்துருவிலும் அதே கதைதான். இரண்டு தமிழ் எழுத்துருக்களை ஒரே 11 பாயிண்டில் அடுத்தடுத்து அச்சிட்டால், ஒன்று கண்ணாடி இல்லாமல் படிக்கும்படியும் மற்றது சிரமப்பட்டுப் படிக்கும்படியும் இருக்கலாம். அதனால் எண்ணை நம்பாதீர்கள். "ப" என்ற எழுத்தை அளந்து பாருங்கள். மேலேயும் கீழேயும் எதுவும் நீட்டாமல் தட்டையாக நிற்கும் எழுத்து அது. ஒரு ஸ்கேலை வைத்து அதன் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு எழுத்துருக்களை ஒப்பிடும்போது பாயிண்டைச் சமமாக்காமல் பகரத்தின் உயரத்தைச் சமமாக்குங்கள். அப்போதுதான் எது படிக்க எளிது என்ற கேள்விக்கே பொருள் வருகிறது.

அளவு என்பது அழகு சம்பந்தப்பட்ட முடிவு என்று வகுப்பில் நினைக்கத் தோன்றும். தாள், பணம், காலம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. தரங்கம்பாடியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு நடத்திய அச்சகத்துக்கு 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை மிகவும் பெரியவை. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் இருக்கிற தாள் போதாது. ஆகவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1714-இல் முதல் பகுதி வந்தது, 1715-இல் நூல் முழுமையடைந்தது. நீங்கள் ஆண்டறிக்கையை 12 பாயிண்டிலிருந்து 10.5-க்கு இறக்கும்போது எட்டுப் பக்கம் மிச்சமாவதும் அதே கணக்குதான்.

அடுத்தது வரி இடைவெளி. தமிழ்ப் பக்கங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். ஒரு சிறிய சோதனை சொல்கிறேன். "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்ற பழமொழியை இரண்டு வரியாக உடைத்து, "கூழுக்கும்" மேல் வரியிலும் "மீசைக்கும்" அதற்கு நேர் கீழேயும் வரும்படி அமையுங்கள். மேல் வரியில் "ழு" கீழே சுழித்து இறங்குகிறது. கீழ் வரியில் "மீ" தலைக்கு மேல் சுழித்து ஏறுகிறது. ஆங்கிலத்துக்குப் பழகிய இடைவெளியில் வைத்தால் இரண்டு சுழியும் ஒன்றையொன்று தொட்டுவிடும், அல்லது தொடுவதுபோல் நெருங்கி நின்று கண்ணை இழுக்கும். ஆங்கிலத்தில் 10.5 பாயிண்ட் எழுத்துக்கு 13 பாயிண்ட் வரி இடைவெளி வசதியாக இருக்கிறது என்றால், தமிழில் 15 அல்லது 16 கொடுத்துப் பார்க்க வேண்டும். கைபேசித் திரைக்கு, எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் கீழே நான் இறங்குவதில்லை. இது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும்; சுழிகளைச் சுருக்கி அடக்கி வரைந்திருந்தால் குறைவான இடைவெளி போதும்.

பயிற்சிக்கு உங்கள் பத்தியை 13, 14, 15, 16, 17 என்று ஐந்து இடைவெளிகளில் அமைத்து அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். 13-இல் பத்தி கறுத்துத் திட்டுத்திட்டாகத் தெரியும். 17-இல் வரிகள் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து நிற்கும். இடையில் எங்கோ ஓர் அளவில் பத்தி முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்க்கக் கண் பழக வேண்டும். பிறகு அருகில் போய் வாய்விட்டுப் படியுங்கள். வரி முடிந்து அடுத்த வரிக்குத் தாவும்போது கண் தடுமாறுகிறதா என்று கவனியுங்கள்.

வரியின் நீளத்துக்கு ஆங்கிலக் கையேடுகள் 45 முதல் 75 எழுத்து என்று ஒரு கணக்குச் சொல்லும். அதைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வழியில்லை. மேலே பார்த்த சொல்லைப் பத்து என்று எண்ணுவதா, 19 என்று எண்ணுவதா? சொற்களை எண்ணுங்கள். டெமி அளவுப் புத்தகத்தில், அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலத்தில், ஓரங்கள் போக எழுத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அகலம் கிடைக்கும். 10.5 பாயிண்டில் அதில் ஆறிலிருந்து எட்டுச் சொற்கள் அமர்ந்தால் படிக்கச் சுகமாக இருக்கும். நான்கு சொல்லுக்குக் கீழே போனால் சிக்கல் தொடங்குகிறது.

அந்தச் சிக்கல் நாளிதழ்ப் பத்திகளில் தினமும் தெரிகிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. விகுதி மேல் விகுதி சேர்ந்து வளர்கின்றன. நான்கு சென்டிமீட்டர் அகலப் பத்தியில் இருபுறமும் ஓரம் சமமாக வரும்படி வைத்தால், நீண்ட சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்படுகிறது. மிஞ்சிய இரண்டு சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளம் விழுகிறது. அடுத்தடுத்த வரிகளில் இந்தப் பள்ளங்கள் சேர்ந்து, பத்திக்கு நடுவே ஒரு வெள்ளை ஓடை வளைந்து இறங்கும். இதைத் தவிர்க்க இரண்டு வழிதான். ஒன்று, வலது ஓரத்தைச் சமமாக்காமல் விட்டுவிடுவது. மற்றது, சொல்லை உடைப்பது.

உடைப்பதற்கு அச்சுக்கோப்பவர்கள் காலங்காலமாகக் கடைப்பிடித்த விதி ஒன்று உண்டு. புள்ளி வைத்த எழுத்து எந்த வரிக்கும் முதலில் வரக் கூடாது. நம் சொல்லை எடுத்துக்கொண்டால் கொண்-டி-ருக்-கி-றார்-கள் என்று ஐந்து இடங்களில் உடைக்கலாம். "கொ" என்று நிறுத்திவிட்டு அடுத்த வரியை "ண்டிருக்கிறார்கள்" என்று தொடங்கினால், படிப்பவரின் நாக்கு அங்கே இடறும். ஐந்து இடங்களில் உடைக்கலாம் என்றாலும் எல்லா இடமும் சமம் இல்லை. கடைசியில் "கள்" மட்டும் தனியே ஒரு வரியில் போய் உட்கார்ந்தால் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். முதலில் "கொண்" மட்டும் நின்றால் படிப்பவர் என்ன சொல் வரப்போகிறது என்று ஊகிக்க முடியாது. "கொண்டிருக்-" என்று நிறுத்துவதே நல்லது. மென்பொருளில் அந்தப் பத்தியின் மொழி ஆங்கிலம் என்று குறித்திருந்தால், எந்த விதியும் வேலை செய்யாது. மொழியைத் தமிழ் என்று மாற்றுவதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

சொற்களைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதும் இங்கே வந்து சேர்கிறது. "செய்து கொண்டிருக்கிறார்கள்" என்று பிரித்தால் வரி எளிதாக அமையும். "செய்துகொண்டிருக்கிறார்கள்" என்று சேர்த்தால் அமையாது. ஆனால் அது ஆசிரியரும் பதிப்பாசிரியரும் எடுக்க வேண்டிய முடிவு. வரி அழகாக வருவதற்காக வடிவமைப்பாளர் தாமாகச் சொல்லை வெட்டக் கூடாது. சங்கடமான வரியைக் குறித்துவைத்துப் பதிப்பாசிரியரிடம் கேளுங்கள். நல்ல பதிப்பாசிரியர் ஒரு சொல்லை மாற்றி ஐந்து வரியைச் சரிசெய்து தருவார்.

இப்போது எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது. செரிஃப், சான்ஸ் என்ற பிரிவை வைத்துக்கொண்டு தமிழ் எழுத்துருவைப் பார்க்காதீர்கள். ரோமன் எழுத்தின் கல்வெட்டு, பேனா மரபிலிருந்து வந்த பிரிவு அது. ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டுக்கு ஒரே தடிமன்தான். மெல்லியதும் தடித்ததுமான கோடுகள் பேனாவோடும் உலோகத்தோடும் நம் எழுத்துக்குள் வந்தவை. கோட்டின் தடிமன் மாறுகிறதா, மாறவில்லையா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, எழுத்துக்குள்ளே இருக்கும் வெள்ளையைப் பாருங்கள். ண, ஞ, ஐ போன்றவற்றின் சுழிகளுக்குள் வெளிச்சம் போகிறதா? சிறிய அளவில் அது அடைத்துக்கொள்கிறதா?

ஓர் எழுத்துருவைச் சோதிக்க நான் முதலில் தட்டச்சு செய்யும் சொல் "வேலைக்காரர்". அதன் கடைசியில் துணைக்கால், ரகரம், புள்ளி வைத்த ரகரம் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. பழைய ஓலைகளில் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடே இருக்காது. இன்றைய எழுத்துருவில் ரகரத்தின் கீழே ஒரு சாய்ந்த வால் இருக்கும். ஆனால் புள்ளி வைக்கும்போது அந்த வாலை விட்டுவிடுவது ஈய எழுத்துக் கால வழக்கம். துணைக்காலுக்கு மேலே புள்ளி வைத்ததுபோல் இருக்கும். சில புதிய எழுத்துருக்கள் வாலை வைத்துக்கொள்கின்றன. இரண்டில் எது இருந்தாலும் சரி, மூன்று உருவங்களும் குழப்பமில்லாமல் பிரிந்து தெரிய வேண்டும். அடுத்த சொல் "முழுமை". மு, ழு இரண்டும் சிறிய அளவில் ஒன்றுபோலாகிவிட்டால் அந்த எழுத்துரு உரைநடைக்கு உதவாது. மூன்றாவது, புள்ளி. சில எழுத்துருக்களில் அது உள்ளே வெற்றிடம் உள்ள சிறு வட்டம், சிலவற்றில் நிறைந்த பொட்டு. மை பரவும் மலிவான தாளில் சிறு வட்டங்கள் அடைந்து, பாதி பொட்டும் பாதி வட்டமுமாகப் பக்கம் அழுக்காகும்.

இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்களே பயிற்சிக்குப் போதும். நீண்ட உரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், டீரோ தமிழ் இரண்டையும் பாருங்கள். திரைக்கும் குறிப்புகளுக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான். தலைப்புக்கு அனேக் தமிழ் நல்ல கருவி. தடிமனோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கும் வசதி அதில் உண்டு. அகலம் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தலைப்பு இடத்துக்குள் அடங்கவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் 70 சதவீதத்துக்கு நசுக்குவது நம் ஊர் பிளக்ஸ் பேனர்களிலும் செய்தித்தாள் தலைப்புகளிலும் சாதாரணமாக நடக்கிறது. அப்படி நசுக்கும்போது நின்ற கோடுகள் மட்டும் மெலிகின்றன, கிடந்த கோடுகள் அதே தடிமனில் இருக்கின்றன. ப, ம, ட, ய எல்லாவற்றுக்கும் அடியில் கிடைக்கோடு உள்ள நம் எழுத்தில், இந்த நசுக்கல் தலைப்பின் நடையையே குலைத்துவிடும். ஒடுங்கிய எழுத்து வேண்டுமென்றால் ஒடுங்கியதாகவே வரைந்த எழுத்துருவை எடுங்கள். இல்லையென்றால் தலைப்பை மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

சாய்வெழுத்து தமிழ் மரபில் இல்லை. மென்பொருள் சாய்த்துத் தருவது வெறும் கோணல். அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தையோ ஒற்றை மேற்கோளையோ பயன்படுத்துங்கள். தடித்த எழுத்தும் அந்த எழுத்துருவோடு வரைந்து வந்ததாக இருக்க வேண்டும். மென்பொருள் தானாகத் தடிக்கவைத்தால் "ணை" உள்ளே மையால் நிரம்பிவிடும். எழுத்துகளுக்கு இடையே இடம் விட்டுப் பரத்துவதிலும் கவனம் வேண்டும். "கொ" என்பதன் மூன்று துண்டுகளும் சம தூரத்தில் விலகினால், கொம்பு முன்னால் உள்ள எழுத்தோடு சேர்ந்ததா, பின்னால் உள்ளதோடு சேர்ந்ததா என்று கண் தயங்கும். கடைப் பலகையில் எழுத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும்போதும் இதே விதிதான்: "தேநீர்" என்பதில் "தே" ஓர் அடுக்கு. அதன் கொம்பை மேல் தட்டிலும் தகரத்தைக் கீழ்த் தட்டிலும் வைத்த பலகைகள் பல ஊர்களில் தொங்குகின்றன.

ஆங்கிலச் சொற்களும் எண்களும் தமிழோடு கலந்து வரும் பக்கங்கள் தனிக் கவனம் கேட்கின்றன. தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற பிரிவு இல்லை. ஆங்கிலப் பேரெழுத்துச் சுருக்கம் ஒன்றைத் தமிழ் வரியில் அதே பாயிண்டில் போட்டால் அது மட்டும் கூவிக்கொண்டு நிற்கும். எண்களும் அப்படித்தான். பகரத்தின் உயரம் ஆங்கிலச் சிற்றெழுத்தின் உயரத்துக்குச் சற்று மேலே, பேரெழுத்தின் உயரத்துக்குக் கீழே இருக்கும்படி இரண்டையும் இணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தை ஒரு பாயிண்ட் அளவு குறைக்க வேண்டியிருக்கும்.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைன் இருந்தால் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற தெரிவை இயக்குங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான தெரிவை இயக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஏனென்றால் யூனிகோடில் முதலில் ககரமும் பிறகு கொம்பும் சேமிக்கப்படுகின்றன. இடம் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் வேலை. பணம் கொடுத்து வாங்க வசதி இல்லையென்றால் ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருள் போதும். பாமினி, வானவில் போன்ற பழைய முறை எழுத்துருக்களில் வரும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். மாற்றியதும் "கௌரவம்" போன்ற சொற்களைத் தேடிச் சரிபாருங்கள். கொம்பும் ளகரமும் சேர்ந்து "கெளரவம்" என்று இருக்கும். கண்ணுக்குப் பல எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது. தேடுபொறிக்கும் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கும் அது வேறு சொல். பார்வையற்றவர் அந்தக் கோப்பைக் கேட்கும்போது "கெளரவம்" என்றே காதில் விழும்.

பத்தி கைவந்த பிறகு அடுத்த பயிற்சியாக ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நிச்சயம் பழைய பத்திரிகை ஒன்று கிடைக்கும். எழுத்தமைப்பில் முக்கியத்துவ வரிசை என்று பாடத்தில் சொல்வதை இதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் பொருள் நம்மிடம் இல்லை. அதில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே தெய்வத்தின் பெயர். "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கும் நீண்ட வாக்கியம். அதற்குள் தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம், முகூர்த்த நேரம். மணமக்கள் பெயர், அவர்களின் படிப்பு, பெற்றோர் பெயர், தாத்தா பாட்டி பெயர். மண்டபத்தின் பெயர், ஊர். வரவேற்பு எப்போது என்பது தனி. கடைசியில் "தங்கள் நல்வரவை விரும்பும்", அதன் கீழே "சுற்றமும் நட்பும்". வழக்கமாக இதில் நான்கைந்து எழுத்துருக்கள், தங்க நிறம், நிழல், வளைவு எல்லாம் இருக்கும்.

இதை ஒரே எழுத்துருவில், இரண்டு தடிமனில், மூன்றுக்கு மேற்படாத அளவுகளில், கறுப்பில் மட்டும் மறுபடி அமையுங்கள். பத்திரிகையைப் பயன்படுத்தப்போகிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியூர் பஸ் நிலையத்தில் இறங்கிய பெரியவர் ஒருவர், பையிலிருந்து பத்திரிகையை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அவருக்கு வேண்டியது மண்டபமும் நேரமும். அது வாக்கியத்தின் நடுவே புதைந்து கிடந்தால் பத்திரிகை தோற்றுவிட்டது. அதே சமயம், வீட்டில் பத்திரிகையை வாங்கிப் பார்க்கும் பாட்டி முதலில் தேடுவது தம் பெயர் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை. அந்த மரியாதையையும் குலைக்கக் கூடாது. நேரத்தைத் தனி வரியாக்கினால் வாக்கியம் உடைகிறது. உடைக்காமல் அதை எப்படி முன்னால் கொண்டுவருவது? தடித்த எழுத்தாலா, மேலும் கீழும் இடம் விட்டா, அல்லது கடைசியில் மண்டபத்தோடு சேர்த்து மறுபடி ஒருமுறை சொல்லியா? மூன்றையும் செய்து பாருங்கள். இடம் விடுவதுதான் பெரும்பாலும் வெல்லும். ஒன்றோடொன்று சம்பந்தப்பட்ட வரிகளை நெருக்கியும் சம்பந்தமில்லாதவற்றை விலக்கியும் வைத்தாலே, எழுத்தைப் பெரிதாக்காமல் பத்திரிகை தானே பிரிந்து நிற்கும்.

நீங்கள் செய்யும் எதையும் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நூறு சதவீத அளவில் அச்சிட்டு, கையில் பிடித்துப் பாருங்கள். வயதானவர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தாளைத் தள்ளிப் பிடிக்கிறார், எங்கே இன்னொரு முறை படிக்கிறார் என்று பேசாமல் கவனியுங்கள்.

எந்தப் புத்தகம் என்று பலரும் கேட்பார்கள். ஆங்கிலக் கையேடு எதுவானாலும் கல்லூரி நூலகத்தில் இருப்பதைப் படியுங்கள். ஓரங்கள், கட்டக அமைப்பு (கிரிட்), முக்கியத்துவ வரிசை பற்றி அவை சொல்வதில் பெரும்பகுதி தமிழுக்கும் பொருந்தும். தமிழ் எழுத்துக்கு உண்மையான பாடப்புத்தகம் பழைய அச்சுப் புத்தகங்கள்தான். சென்னையில் இருந்தால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கும் போங்கள். வெளியூரில் இருந்தால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது. ஈழத்து நூல்களுக்கு நூலகம் என்ற பெயரிலேயே ஒரு மின்நூலகம் உண்டு.

மூன்று விஷயங்களைக் குறிப்பாகத் தேடிப் பாருங்கள். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தின் படங்கள் கிடைக்கும். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாக அறியப்படும் 16 பக்கச் சிறு நூல் அது. ஓலை வழக்கப்படி அதில் புள்ளி கிடையாது. புள்ளி இல்லாத தமிழ்ப் பக்கம் எவ்வளவு சமமாக, எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று பார்த்தால், புள்ளி நம் பக்கத்துக்கு என்ன செய்கிறது என்பது விளங்கும். அடுத்தது, 1862-இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் அச்சிட்ட வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி. அவ்வளவு சிறிய அளவில், அவ்வளவு தெளிவான தமிழ் எழுத்து. ஆங்கிலமும் தமிழும் ஒரே வரியில் சண்டையிடாமல் நிற்கின்றன. மூன்றாவது, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, முதல் பதிப்பு 1992. தலைச்சொல், இலக்கண வகை, பொருள், எடுத்துக்காட்டு என்று ஒவ்வொன்றையும் எழுத்தின் தடிமனாலும் இடத்தாலும் எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று ஒரு பக்கத்தை எடுத்துவைத்துப் படியுங்கள்.

இந்த மூன்றிலும் ஒரு பக்கத்தை அசல் அளவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மின்நூலகப் படத்திலிருந்து எடுப்பதென்றால் நூலின் உண்மையான அளவைக் கண்டறிந்து அதற்கேற்ப அச்சிடுங்கள். பகரத்தின் உயரம், ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து அடுத்த வரியின் அடிக்கோடு வரை உள்ள தூரம், வரியின் அகலம், வரிக்கு எத்தனை சொல், நான்கு ஓரங்கள் ஆகியவற்றை அளந்து பக்கத்திலேயே பென்சிலால் குறியுங்கள். பிறகு அதே அளவுகளில் உங்கள் இருநூறு சொல் பத்தியை இன்றைய எழுத்துரு ஒன்றில் அமைத்து, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அளவுகள் ஒன்றாக இருந்தும் இரண்டும் ஒன்றுபோல் தெரியாது. எங்கே வேறுபடுகிறது, எதை எவ்வளவு மாற்றினால் நெருங்கும் என்று பாயிண்ட் பாயிண்டாக நகர்த்திப் பார்ப்பதுதான் அடுத்த ஆறு மாதத்துக்கு உங்கள் வேலை.